கிராஷ் பாண்டிகூட்: மண்டபத்தில் 1996 மூலத்தைப் போடுவதா, 2017 ரீமேக்கைப் போடுவதா?

பெரட்டுக்களம் | வெள்ளி, இரவு 9.10

சுங்கை சிப்புட் ஆட்களுக்கு விஷயம் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். வருகிற பள்ளி விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பொது மண்டபத்தில் ஒரு கேம் போட்டி வைக்கிறோம். கேம் முடிவாகிவிட்டது: கிராஷ் என்ற பாண்டிகூட் விலங்கு தாவி ஓடும் ‘கிராஷ் பாண்டிகூட்’, முதல் பாகம். எந்த முதல் பாகம் என்பதில்தான் குழு இரண்டாக நிற்கிறது. நாட்டி டாக் நிறுவனம் 1996-இல் முதல் பிளேஸ்டேஷனுக்குச் செய்ததா, அல்லது விகேரியஸ் விஷன்ஸ் நிறுவனம் மூன்று பாகங்களையும் புதிதாகக் கட்டி 2017-இல் ‘என். சேன் டிரிலஜி’ என்று கொண்டுவந்ததா?

நான் மூலத்தின் பக்கம். பழையது என்பதற்காக இல்லை. ரீமேக்கின் அழகை நான் மறுக்கவே மாட்டேன். முதல் லெவலில் கடற்கரை மணலில் முகம் புதைந்து கிடக்கும் கிராஷ் எழுந்திருக்கும்போது ரோமம் ரோமமாகத் தெரிகிறது, காட்டில் இலைக்கு இலை வெளிச்சம் மாறுகிறது. ஆனால் இது தாவிக் குதிக்கும் கேம். தாவிய கால் எங்கே இறங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த இடத்தில் ரீமேக் மாறிப்போயிருக்கிறது. மூலத்தில் விளிம்பில் பாதிக் கால் பட்டாலும் கிராஷ் நிற்பான். ரீமேக்கில் அதே விளிம்பைத் தொட்டதும் வழுக்கிக் கீழே போகிறான்.

‘ரோட் டு நோவேர்’ லெவலைப் போட்டுப் பாருங்கள். பனிமூட்டத்துக்கு நடுவே தொங்கும் பாலம், பலகை இல்லாத இடைவெளிகள், மிதித்ததும் உடைந்து விழும் பலகைகள். மூலத்தை அறிந்த கை அங்கே சரியான நேரத்தில்தான் தாவுகிறது. கிராஷும் பலகையில் இறங்குகிறான். இறங்கிய பிறகு விழுகிறான். புதிதாக ஆடும் பிள்ளைக்குத் தான் செய்த தப்பு என்ன என்றே தெரியாது. போட்டிக்கு இது சரிவருமா? எதிர்க்கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

செம்பனை நிழல் | வெள்ளி, இரவு 9.41

அண்ணே, எதிர்க்கட்சி நான்தான். நான் முதலில் ஆடியதே ரீமேக். 2018-இல் நிண்டெண்டோ சுவிட்ச் கேம் பெட்டிக்கு வந்தபோது. மூலம் அப்புறம்தான் மாமா வீட்டில் கிடைத்தது. அதனால் என் பழக்கம் உங்களுக்கு நேர் எதிர். எனக்கு மூலத்துக் கிராஷ் காற்றில் மிதக்கிற மாதிரி இருந்தது. ரீமேக்கில் உடம்புக்குக் கனம் இருக்கிறது, உச்சிக்குப் போனதும் சட்டென்று இறங்குகிறான். விளிம்பை நம்பாதே, பலகையின் நடுவில் இறங்கு என்று முதல் நாளே கை கற்றுக்கொண்டது. எதை முதலில் ஆடினோமோ அதுதான் நமக்குச் சரியாகப் படுகிறது. மண்டபத்துக்கு வரும் பிள்ளைகளில் யாருக்கும் 1996-இன் கை இல்லை.

இன்னும் இரண்டு காரணம். போட்டி என்றால் யார் வென்றது என்று சொல்ல ஓர் அளவு வேண்டும். மூலத்தின் முதல் பாகத்தில் கடிகாரமே கிடையாது. நேரம் பார்த்து ஓடும் ஆட்டம் 1998-இன் மூன்றாம் பாகத்தில்தான் வந்தது. ரீமேக் அதை மூன்று பாகத்துக்கும் கொடுத்துவிட்டது. அடுத்தது கிராஷின் தங்கை கோக்கோ. அவள் பாத்திரமாக வந்ததே 1997-இன் இரண்டாம் பாகத்தில். ரீமேக்கில் முதல் பாகத்தைக்கூட அவளை வைத்து ஆடலாம். பெயர் கொடுத்தவர்களில் பெண் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். மூலத்தைப் போட்டால் அவர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒரே பெண் பாத்திரம் கூண்டுக்குள் அடைபட்ட கிராஷின் காதலி டாவ்னா.

லயத்துக்காரி | வெள்ளி, இரவு 10.15

இருவரும் குதிப்பதையே பேசுகிறீர்கள். மூலம் பிள்ளைகளை அழவைத்தது குதிப்பில் இல்லை, சேவ் செய்வதில். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

இப்போதைய பிள்ளைகளுக்காக விளக்குகிறேன். மூலத்தில் லெவல் முடிந்ததும் தானாகச் சேவ் ஆகாது. லெவலுக்குள் ஒளிந்திருக்கும் டாவ்னா முகம் போட்ட மூன்று பெட்டிகளை உடைக்க வேண்டும். உடைத்தால் போனஸ் அறை திறக்கும். அந்த அறையை விழாமல் முடித்தால்தான் சேவ் செய்யும் திரை வரும். இல்லையென்றால் ஒரு ஜெம் (ரத்தினக் கல்) எடுக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் எத்தனை லெவல் தாண்டியிருந்தாலும் கேம் பெட்டியை அணைத்தால் எல்லாம் போச்சு. மெமரி கார்டு இல்லாதவர்களுக்குப் பாஸ்வேர்டு உண்டு. முக்கோணம், சதுரம், வட்டம், குறுக்குக்கோடு என்று குறிகள். எங்கள் லயத்தில் எல்லாப் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகக் கடைசிப் பக்கத்திலும் அந்தக் குறிகள்தான். அந்தப் பாஸ்வேர்டைப் பார்ப்பதற்கும் அதே போனஸ் அறையைத் தாண்டியாக வேண்டும்.

பேராக்கில் மாலை மழை எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். நான்கு மணிக்கு வானம் கறுத்தால் அம்மா முதலில் பிடுங்குவது டிவி பிளக்கைத்தான். பக்கத்து மரத்தில் இடி விழுந்து டிவி எரிந்துபோன வீடுகள் இருந்தன, அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘நேட்டிவ் ஃபோர்ட்ரஸ்’ ஏறி முடித்த பிறகு, அடுத்த சேவ் கிடைப்பதற்கு முன் அப்படி ஆனால், அது பத்து வயதுப் பிள்ளைக்குச் சின்ன இழப்பா?

ஜெம் எடுப்பதும் அப்படித்தான். லெவலில் உள்ள எல்லாப் பெட்டிகளையும் உடைக்க வேண்டும், ஒரு முறைகூடச் சாகக் கூடாது. மொத்தம் எத்தனை பெட்டி என்று ஆடும்போது காட்டாது. கடைசியில் விட்டுப்போன பெட்டிகள் கிராஷ் தலையில் ஒவ்வொன்றாக விழும்போதுதான் தெரியும். ரீமேக்கில் எண்ணிக்கை திரையிலேயே இருக்கிறது. வெள்ளை ஜெம்முக்குச் செத்தாலும் பரவாயில்லை. நிற ஜெம்களுக்கு மட்டும் பழைய விதியை வைத்திருக்கிறார்கள். சேவ் தானாக நடக்கிறது. இந்த மாற்றங்கள் எல்லாமே சரியானவை என்பது என் எண்ணம். இதற்காகவே ரீமேக்கைச் செய்தவர்களைக் கும்பிடலாம்.

பெரட்டுக்களம் | வெள்ளி, இரவு 10.38

லயத்துக்காரி அக்கா, நீங்கள் எழுதியதை வைத்து யோசித்ததில் எனக்கு ஒன்று தெளிவானது. மூலம் விதியில் கடுமை, காலில் தாராளம். போனஸ் அறை, ஜெம், பாஸ்வேர்டு என்று வெளியே நெருக்கினாலும், தாவி விளிம்பைத் தொட்டுவிட்டால் உன்னை ஏற்றுக்கொள்ளும். ரீமேக் அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறது. விதிகளைத் தளர்த்திவிட்டது, காலுக்கடியில் இறுக்கிவிட்டது. ரீமேக் சுலபம் என்று ஒரு கூட்டமும், ரீமேக் கடினம் என்று ஒரு கூட்டமும் 2017-இலிருந்து சண்டை போடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒருவர் விதியைப் பார்க்கிறார், மற்றவர் காலைப் பார்க்கிறார்.

விதியை மாற்றியதில் எனக்கும் குறையில்லை. கால்தான் என் குறை. செம்பனை நிழல் தம்பி, முதலில் ஆடியதுதான் சரியாகப் படும் என்பதைப் பாதி ஏற்கிறேன். ஆனால் இங்கே கண்ணுக்கும் காலுக்கும் பொருந்தவில்லை. கால் பலகைமேல் இருப்பதாகத் திரை காட்டுகிறது, கேம் இல்லை என்கிறது. அது பழக்கத்தைச் சேர்ந்த விஷயம் இல்லை.

பால்வாளி | வெள்ளி, இரவு 11.20

குலிமில் மென்பொருள் வேலை. கேம் செய்யும் வேலை இல்லை, ஆனால் இதை நிறையப் படித்திருக்கிறேன். வழுக்கல் உங்கள் கற்பனை இல்லை. வெளியிட்டவர்களே ஒப்புக்கொண்டது.

திரையில் நாம் பார்க்கும் கிராஷ் ஒன்று. கேம் கணக்குப் பார்க்கும் கிராஷ் இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத ஓர் எளிய வடிவம். தரையில் படுகிறானா, சுவரில் மோதுகிறானா என்பதெல்லாம் அந்த வடிவத்தை வைத்துத்தான். ரீமேக்கில் அந்த வடிவம் நாம் விழுங்கும் கேப்சூல் மாத்திரை மாதிரி, அடிப்பக்கம் உருண்டை. பலகையின் நடுவில் இறங்கினால் ஒரு பிரச்சினையும் இல்லை. விளிம்பில் இறங்கினால் அந்த உருண்டைப் பகுதி விளிம்பில் பட்டு வெளிப்பக்கம் சரியும். பெரட்டுக்களம் அண்ணன் சொல்லும் வழுக்கல் அதுதான். மூலத்தில் இப்படிச் சரியும் உருண்டை இல்லை. விளிம்பைத் தொட்டால் தொட்டதுதான், நின்றுவிடுவான்.

2017-இல் ரீமேக் வந்த சில நாட்களிலேயே இந்தப் பேச்சு பெரிதாகி, ரீமேக்கை வெளியிட்ட ஆக்டிவிஷன் தரப்பிலிருந்தே விளக்கம் எழுதினார்கள். மூன்று பாகங்களின் கையோட்டத்தையும் ஆராய்ந்து, மூன்றாம் பாகமான ‘வார்ப்ட்’டின் கையோட்டத்தை அடிப்படையாக எடுத்ததாகவும், பிறகு ஒவ்வொரு பாகத்துக்கும் தாவும் அளவை மூலத்தோடு ஒட்டச் சரிசெய்ததாகவும் அதில் இருந்தது. மோதலைக் கணக்கிடும் முறை மூலத்திலிருந்து வேறு, பௌதிகமும் சேர்ந்திருக்கிறது, ஆகவே சில தாவல்களுக்கு மூலத்தைவிடக் கூடுதல் துல்லியம் வேண்டும் என்றும் நேர்மையாகச் சொன்னார்கள்.

இப்போது முக்கியமான இடம். லெவல்களைக் கட்டியது யாருடைய காலை வைத்து? 1996-இன் காலை வைத்து. ஓர் இடைவெளி எவ்வளவு அகலம், அடுத்த பலகை எவ்வளவு நீளம் என்று நாட்டி டாக் ஆட்கள் தங்கள் கிராஷைக் குதிக்கவிட்டுப் பார்த்துத்தான் தீர்மானித்திருப்பார்கள். ரீமேக் லெவலின் அளவுகளை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் ஓடுகிறவனின் காலை மட்டும் மாற்றிவிட்டது. இரண்டாம், மூன்றாம் பாகங்களில் இது அவ்வளவாக உறுத்தாது. முதல் பாகத்தில், அதுவும் பாலம் வரும் இரண்டு லெவல்களிலும் ‘நேட்டிவ் ஃபோர்ட்ரஸ்’, ‘ஸ்லிப்பரி கிளைம்ப்’ இரண்டிலும், நன்றாகவே உறுத்தும்.

செம்பனை நிழல் | வெள்ளி, இரவு 11.34

பால்வாளி அண்ணே, அப்படியென்றால் பழைய கணக்கையே எடுத்துப் போட்டிருக்கலாமே? ஏன் செய்யவில்லை?

பால்வாளி | வெள்ளி, இரவு 11.58

எடுக்க அவர்களிடம் இல்லை, தம்பி. நாட்டி டாக், சோனி பக்கமிருந்து அவர்களுக்குக் கிடைத்தது லெவல்களின் வடிவத் தரவு மட்டும்தான். அதுவும் வினோதமான பழைய வடிவில் இருந்ததால் பிரித்துப் படிக்கவே தனி வேலை. கேமை ஓட்டிய நிரல் வரவில்லை. ஆகவே காட்டின் உருவம் கைக்கு வந்தது, குதிப்பின் கணக்கு வரவில்லை. குதிப்பைப் பழைய கேமை ஆடிப் பார்த்து, அளந்து அளந்து, தங்கள் சொந்த இன்ஜினில் புதிதாகக் கட்டினார்கள். அதனால்தான் எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை.

நிரல் கிடைத்திருந்தாலும் சுலபம் இல்லை. அந்தப் பழைய பெட்டியின் சக்திக்குள் அடங்குவதற்காக நாட்டி டாக் செய்தவை அபாரமானவை. நாட்டி டாக்கின் ஆண்டி கேவின், லிஸ்ப் என்ற நிரல் மொழியின் பாணியில் ‘கூல்’ என்று ஒரு நிரல் மொழியையே இதற்காக எழுதினார். கிராஷின் உடம்பு 512 பலகோணங்கள். பெரும்பாலானவற்றில் படம் ஒட்டவில்லை, நிறம் மட்டும்தான். கேமரா அவர்கள் வகுத்த பாதையிலேயே போகும் என்பதால், எந்த இடத்தில் நின்றால் எது கண்ணுக்குத் தெரியும், எதை முதலில் வரைய வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே பெரிய கணினிகளில் கணக்குப் போட்டு சிடியில் வைத்துவிட்டார்கள். அதனால்தான் அந்தக் காலத்து மற்ற கேம்கள் வெறும் தரையும் பனிமூட்டமுமாக இருந்தபோது, இதில் காடு காடாகவே நெருங்கி நின்றது.

லயத்துக்காரி | சனி, காலை 7.05

நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. கிராஷ் ஏன் ஆரஞ்சு தெரியுமா? காடு, கடற்கரை, பாறை எனப் பின்னணி நிறங்களையும், மற்ற கேம் பாத்திரங்களின் நிறங்களையும் பட்டியல் போட்டுக் கழித்துக்கொண்டே வந்தார்களாம். சிவப்பு அந்தக் கால டிவியில் வழிந்து தெரியும் என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் நின்றது ஆரஞ்சு. மூலத்தில் பச்சைக் காட்டுக்குள் அவன் பளிச்சென்று தனித்துத் தெரிவான், எங்கே நிற்கிறான் என்று தேடவே வேண்டாம். ரீமேக்கில் இலை, வேர், வெயில், தூசி என்று பின்னணியே அவ்வளவு நிறைந்திருக்கிறது. சில இடங்களில் குழியின் விளிம்பைப் புல் மறைக்கிறது. அழகு கூடியதால் தெளிவு குறைந்த இடம் அது. ரீமேக்கை ஆதரிக்கும் நானே சொல்கிறேன்.

பாட்டுகளை மறுபடி வாசித்துப் பதிவு செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

கோலகங்சார் சாலை | சனி, காலை 10.20

எல்லோரும் டிவியை மறந்துவிட்டீர்கள். மூலத்தைப் பின்பக்கம் புடைத்த பழைய டிவியில் ஆடினோம். பொத்தானை அழுத்தியதும் திரையில் நடக்கும். இப்போதைய தட்டை டிவிகள் படத்தைச் சீராக்குகிறேன் என்று சில பத்து மில்லி விநாடிகள் தாமதம் செய்யும். ரீமேக் பிளேஸ்டேஷன் 4-இல் விநாடிக்கு 30 படங்கள்தான் ஓடுகிறது, மூலத்துக்கும் அதே 30. ஆனால் தாமதம் மேலே ஏறிவிடும். விழுந்த பிள்ளை கேமைத் திட்டும், தப்பு டிவியினுடையதாக இருக்கும். மண்டபத்தில் எந்த கேமைப் போட்டாலும் டிவி அமைப்புக்குள் போய், தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை இயக்கிவிடுங்கள். பழைய பெட்டியைத் தட்டை டிவியில் மாட்டினால் மூலமும் கெட்டுப்போகும், அதையும் யோசியுங்கள்.

பெரட்டுக்களம் | சனி, காலை 10.47

டிவியினால் தாமதம் வரும், சரி. வழுக்கல் வராது. ஆனால் கேம் மோடு குறிப்பு நல்ல குறிப்பு, குழுவுக்குச் சொல்லிவிட்டேன்.

சந்தை நாள் | சனி, மதியம் 12.30

வணக்கம். டவுனில் பழைய கேம் பெட்டிகள் பழுது பார்ப்பது என் தொழில். எது உயர்ந்தது என்ற பேச்சுக்குள் நான் வரவில்லை, எது ஓடும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் பிளேஸ்டேஷனில் முதலில் சாவது சிடி படிக்கும் லென்ஸ் பகுதி. ஆரம்ப மாடல்களில் லென்ஸ் ஓடும் பிளாஸ்டிக் தண்டவாளம் தேய்ந்து லென்ஸ் சாய்ந்துவிடும். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆடினோமே, அதற்குக் காரணம் இதுதான். இந்த ஊர் ஈரத்தில் இத்தனை வருடம் கிடந்த பெட்டிகள் எப்படி இருக்கும்? என்னிடம் நம்பிக்கையாக ஓடுபவை இரண்டே இரண்டு. பழைய டிவியும் இரண்டு தருகிறேன். ஆனால் சிடி விஷயத்தில் கவனம். அந்தக் காலத்தில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நாம் வாங்கியவை பெரும்பாலும் காப்பி சிடிகள், பெட்டியில் சிப் போட்டுத்தான் ஓடின. மண்டபத்தில் பொது நிகழ்ச்சிக்கு அது வேண்டாம். என்னிடம் அசல் சிடி ஒன்று இருக்கிறது. ஆக ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் ஆட முடியும்.

கண்ட்ரோலர் பற்றியும் ஒன்று. மூலம் வந்தபோது ஆட்டுகிற குச்சிகள் கிடையாது, திசைப் பொத்தான்கள் மட்டும்தான். பாலத்தில் நேர்க்கோட்டில் ஓடுவதற்குப் பொத்தான்தான் வசதி, குச்சியில் கை கொஞ்சம் சாய்ந்தாலும் கிராஷ் சாய்ந்து போவான். ரீமேக்கையும் திசைப் பொத்தான்களாலேயே ஆடலாம். பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிக்கொடுத்தால் பாலத்தில் விழுவது நிறையக் குறையும்.

செம்பனை நிழல் | சனி, மதியம் 1.15

இது எனக்கே தெரியாது அங்கிள். இப்போதுதான் பாலம் வரும் இன்னொரு லெவலான ‘ஹை ரோட்’டில் பொத்தானை வைத்து ஆடிப் பார்த்தேன். பெரிய வித்தியாசம். பாலத்தின் கைப்பிடிக் கயிற்றின்மேல் ஏறி ஓடுகிற பழைய தந்திரம்கூட ரீமேக்கில் நடக்கிறது, பொத்தானில் ஓடினால் கயிற்றைவிட்டு விலகவே இல்லை.

பெரட்டுக்களம் | சனி, பிற்பகல் 3.02

ஒரே ஒரு அசல் சிடி என்றால் கணக்கு மாறுகிறது. இத்தனை பிள்ளைகளை வரிசையில் உட்காரவைக்க முடியாது. குழுவில் பேசிவிட்டேன், இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறோம். போட்டி ரீமேக்கில், நேரக் கடிகாரத்தோடு. பாலம் வரும் லெவல்கள் கிடையாது. பால்வாளி சொன்ன காரணத்துக்காகவே, காலின் கணக்கும் லெவலின் அளவும் மோதிக்கொள்ளும் இடத்தில் ஒரு பிள்ளையின் வெற்றி தோல்வியை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘ஜங்கிள் ரோலர்ஸ்’, ‘போல்டர்ஸ்’, இறுதிக்கு ‘தி லாஸ்ட் சிட்டி’. மூலத்தைப் பழைய டிவியோடு பக்கத்தில் தனியாக வைப்போம், புள்ளி எதுவும் கிடையாது, விரும்பியவர் ஆடலாம். ஒரே லெவலை இரண்டிலும் ஆடிப் பார்க்கும் பிள்ளைக்கு நாம் இங்கே எழுதியது எல்லாம் தானாகவே புரியும்.

பால்வாளி | சனி, பிற்பகல் 3.30

நல்ல ஏற்பாடு. இரண்டு விஷயம். ரீமேக்கில் ஒரு லெவலை ஒரு முறை முடித்த பிறகுதான் அதில் கடிகாரம் வரும். முதல் நாள் இரவே யாராவது உட்கார்ந்து அந்த லெவல்களை முடித்து வைக்க வேண்டும். அடுத்தது, கடிகார ஆட்டத்தில் செத்தால் முதலிலிருந்துதான், நடுவில் தொடர முடியாது. போட்டிக்கு இது நல்லதுதான். கிராஷ் கேம்களில் திரும்பத் திரும்பச் சாகிறவருக்கு ஓர் அடியைத் தாங்கும் மாஸ்க் கொடுத்து, துரத்தும் பாறையின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துத் தெரியாமல் உதவும் ஏற்பாடு இருந்ததாக நாட்டி டாக்கின் ஜேசன் ரூபின் விளக்கியிருக்கிறார். வீட்டில் தனியாக ஆடும் பிள்ளைக்கு அது அருமையான ஏற்பாடு. பலமுறை செத்தவருக்கு உதவியும் கிடைத்து அவரே வென்றால், மண்டபத்தில் பேச்சு வரும். ஒரே மூச்சில் ஓடும் கடிகார ஆட்டம் என்றால் அந்தச் சிக்கலே இல்லை.

லயத்துக்காரி | சனி, மாலை 5.48

‘தி லாஸ்ட் சிட்டி’யை இறுதிக்கு வைக்க நான் சம்மதிக்கவில்லை. சுவரிலிருந்து வெளியே வந்து உள்ளே போகும் கற்கள் நிறைந்த லெவல் அது, விளிம்பில் இறங்கும் பிரச்சினை அங்கேயும் உண்டு. பாலத்தை எடுத்துவிட்டு இதை வைத்தால் கதை ஒன்றுதான். ‘ஹாக் வைல்ட்’ வையுங்கள். காட்டுப்பன்றிமேல் ஏறி ஓடும் லெவல், கால் வழுக்க இடமே இல்லை, கண்ணும் கையும் மட்டும்தான் வேலை. சின்னப் பிள்ளைகளுக்குப் பார்க்கவும் பிடிக்கும்.

இன்னொன்று, போட்டியைக் காலையிலேயே ஆரம்பித்து மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். பழைய பெட்டிக்குச் சேவ் செய்ய என் மெமரி கார்டைக் கொண்டுவருகிறேன், இன்னும் வேலை செய்கிறது.

பெரட்டுக்களம் | சனி, மாலை 6.20

‘ஹாக் வைல்ட்’ சரி, மாற்றிவிட்டேன். ஒன்பது மணிக்கு ஆரம்பம். சந்தை நாள் அண்ணே, பழைய டிவியைத் தூக்க இரண்டு பேரை லாரியோடு எட்டு மணிக்கே கடைக்கு அனுப்புகிறேன். லெவல்களை முடித்து வைக்க யார் வருகிறீர்கள்?

செம்பனை நிழல் | சனி, மாலை 6.24

நான் வருகிறேன் அண்ணே. பொத்தானிலேயே முடித்து வைக்கிறேன்.